குளிர்கடலில் அலைச்சறுக்கு: பிரிட்டனில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

சர்ஃபிங் பழக வேண்டும் என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது எந்த போர்டு வாங்கலாம் என்றுதான். சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்திலோ இலங்கையின் அறுகம்பையிலோ தொடங்குகிறவருக்கு அது நியாயமான கேள்வி. அங்கே தண்ணீர் பெரும்பாலும் 26 டிகிரிக்கு மேல் இருக்கும். அரைக்கால் சட்டையோடு இறங்கிவிடலாம். பிரிட்டனில் முதல் கேள்வி உடம்பில் என்ன போடுவது, எவ்வளவு நேரம் தண்ணீரில் இருப்பது என்பதுதான். போர்டை முதல் ஒரு வருடம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணத்தை வெட்சூட்டில், அதாவது குளிர் தாங்கும் ரப்பர் உடையில், போடுங்கள். நடுங்கிக்கொண்டு நிற்கிறவருக்கு எவ்வளவு நல்ல பயிற்சியாளர் கத்தினாலும் ஒன்றும் மண்டையில் ஏறாது.

எப்போது தொடங்கலாம்

இங்கே கடல் காலண்டருக்குப் பின்னால் வரும். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் 16, 17 டிகிரி வரை போகும். மிகவும் குளிர்வது டிசம்பரில் அல்ல, பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும். அப்போது கார்ன்வாலில் 9, 10 டிகிரி. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், சால்ட்பர்ன், டைன்மவுத் பக்கம், 6 டிகிரி வரை இறங்கிவிடும். மே மாதத்தில் நல்ல வெயில் அடிக்கிறதே என்று மெல்லிய உடையோடு ஓடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். காற்று 18 டிகிரி இருக்கும், தண்ணீர் இன்னும் 11, 12-இலேயே நிற்கும்.

என்னைக் கேட்டால் செப்டம்பர்தான் தொடங்க ஏற்ற மாதம். கோடையின் சூடு கடலில் மிச்சமிருக்கும், விடுமுறைக் கூட்டம் குறைந்திருக்கும், கடல் மீட்புத் தொண்டு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ.-யின் உயிர்காப்பாளர்களும் பல கடற்கரைகளில் மாதக் கடைசிவரை பணியில் இருப்பார்கள். அப்புறம் குளிர்காலம் வர வர உங்கள் திறமையும் உடையும் சேர்ந்தே தடிமனாகும்.

வெட்சூட்

அட்டையில் 3/2, 4/3, 5/4 என்று போட்டிருப்பார்கள். முதல் எண் மார்பு, முதுகுப் பகுதியின் தடிமன், அடுத்தது கை கால்களுக்கு; இரண்டும் மில்லிமீட்டரில். கார்ன்வால், டெவன் கோடைக்கு 3/2 போதும், குளிர் தாங்காதவர் 4/3 எடுக்கலாம். தண்ணீர் 12 முதல் 15 டிகிரி என்றால் 4/3-உம் பூட்ஸும். 9 முதல் 11 வரை 5/4, அதோடு 5 மில்லிமீட்டர் பூட்ஸ், 3 மில்லிமீட்டர் க்ளோவ்ஸ், தலைக்கு ஹூட். அதற்கும் கீழே போனால் ஹூட் சேர்த்தே தைத்த 5/4 அல்லது 6/5, க்ளோவ்ஸ் 5, பூட்ஸ் 7. ஒரே ஒரு உடைதான் வாங்க முடியும் என்றால் 4/3 வாங்குங்கள். அதைக் கொண்டு தென்மேற்கில் மே கடைசியிலிருந்து நவம்பர்வரை ஓட்டலாம்.

இந்த உடை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள். உள்ளே புகும் தண்ணீரை உடம்பு சூடாக்குகிறது, அந்தத் தண்ணீர்தான் நம்மைக் காக்கிறது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் காப்பது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் நுரைக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள். 1950-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் பிடித்த சூட்சுமம் இதுதான்: குமிழ்கள் துணியிலேயே இருந்தால், உள்ளே நனைந்தாலும் பரவாயில்லை. 1952-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை போட்ட ஜாக் ஓ'நீல் அதை அலைச்சறுக்குக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆக, உள்ளே தண்ணீர் கொஞ்சம் இருக்கலாம்; உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டே இருக்கக் கூடாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைப் பறிக்கும். ஒவ்வொரு அலைக்கும் புதுத் தண்ணீர் முதுகில் ஓடினால், 5 மில்லிமீட்டர் உடையும் 2 மில்லிமீட்டர் போலத்தான்.

அதனால் தடிமனைவிட அளவு முக்கியம். போட்டுப் பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள்: இடுப்புக்கு மேலே முதுகின் வளைவு, அக்குள், கவட்டு. இந்த இடங்களில் துணியைப் பிடித்து இழுத்தால் பை மாதிரி வரக் கூடாது. கழுத்து இறுக்கமாகத்தான் இருக்கும். கடையில் சற்று மூச்சு முட்டுவதுபோலத் தோன்றினாலும் தண்ணீரில் இளகிவிடும். கையைத் தலைக்கு மேலே தூக்கித் துடுப்பு போடுவதுபோல பத்து முறை சுற்றிப் பாருங்கள். தோள் எரிந்தால் வேறு அளவு. அளவுகள் ஐரோப்பிய உடம்பை வைத்துப் போட்டவை. நம்மில் பலருக்கு மார்பு சரியாக இருந்தால் கை கால் நீளமாகிவிடும். உயரம் குறைந்தவர்களுக்கு 'ஷார்ட்' என்று தனி அளவு உண்டு, கேட்டு வாங்குங்கள். கணுக்காலில் சுருங்கி மடிந்து நிற்கும் உடையோடு எழுந்து நிற்பது சிரமம்.

தையலையும் பாருங்கள். இரண்டு பக்கமும் நூல் தெரிகிற தட்டைத் தையல் என்றால் ஊசி துளைத்த ஓட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் வரும். அது கோடை உடை. குளிருக்கு வேண்டியது ஓரங்களைப் பசையால் ஒட்டி, ஊசி பாதி ஆழமே ஏறும்படி தைத்தது. உள்ளே டேப்பும் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. மார்பில் குறுக்கே ஜிப் உள்ளவை கதகதப்பு. முதுகு ஜிப் போட்டுக் கழற்ற எளிது, ஆனால் முதுகுத்தண்டு வழியாகத் தண்ணீர் கசியும். மார்பிலும் முதுகிலும் வழவழப்பான ரப்பர் பரப்பு இருந்தால் காற்று அவ்வளவாகத் தாக்காது. புதியவர்களுக்கு இது கூடுதலாக உதவும். ஏனென்றால் நாம்தான் இடுப்பளவுத் தண்ணீரில் பாதி நேரம் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிறோம்.

பழைய உடை வாங்கலாமா? தாராளமாக. முழங்கால், பிட்டம், அக்குள் மூன்றையும் இழுத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் வைத்துவிடுங்கள். டிரையத்லான் நீச்சல் உடையையும் முக்குளிப்பவர்களின் உடையையும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட வேண்டாம். முன்னது போர்டில் உரசியே கிழியும். பின்னதில் தோள் அசையாது. புதிது வேண்டுமானால் ஏப்ரல், மே மாதத் தள்ளுபடியில் குளிர்கால உடைகளைத் தேடுங்கள்.

உள்ளே என்ன போடுவது என்று கூச்சப்பட்டுக்கொண்டே கேட்பார்கள். நீச்சல் உடை, அவ்வளவுதான். பருத்தி டீ-ஷர்ட் போட்டால் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக் குளிரை வாங்கித் தரும். கார் நிறுத்துமிடத்தில் உடை மாற்றத்தான் கூச்சம் என்றால், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிற மாற்றுடை அங்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காற்றிலிருந்தும் அது காக்கும்.

போர்டு, வாக்ஸ், லீஷ்

எட்டு முதல் ஒன்பது அடி நுரை போர்டு. பேசி முடிவெடுக்க அதிகம் இல்லை. கொள்ளளவு லிட்டரில் எழுதியிருக்கும்; உங்கள் எடை எத்தனை கிலோவோ குறைந்தது அத்தனை லிட்டர் வேண்டும். குளிர்காலத்தில் அதற்குமேல் ஒரு பத்து சேர்த்துக்கொள்ளுங்கள், நனைந்த உடையும் பூட்ஸும் சில கிலோ கூட்டும். சிறிய போர்டு அழகாக இருக்கும், ஆனால் உங்களைத் தூக்காது. காலையும் போர்டையும் இணைக்கும் கயிறான லீஷ் போர்டின் நீளத்துக்குச் சமமாக இருக்கட்டும், பின்னங்காலில் கட்ட வேண்டும்.

கால் வழுக்காமல் இருக்கப் போர்டில் தேய்க்கும் மெழுகுதான் வாக்ஸ். அது வெப்பநிலைக்கு ஏற்ப வரும். வெப்பக் கடலுக்கான வாக்ஸ் கெட்டியானது. ஊரிலிருந்து திரும்பும்போது பையில் மிச்சமிருந்ததை இங்கே தேய்த்தால் கல்லாக இறுகிக் கால் வழுக்கும். குளிர்நீர் வாக்ஸ் என்று அட்டையில் இருப்பதை வாங்குங்கள். நுரை போர்டுக்கும் நிற்கிற இடத்தில் கொஞ்சம் தேய்ப்பது நல்லது.

எந்தக் கடற்கரை

மணல் அடி, சாய்வு குறைவு, உயிர்காப்பாளர் இருக்க வேண்டும். வடக்கு டெவனில் சாண்டன் சாண்ட்ஸ், வூலகூம்ப், கார்ன்வாலில் போல்சீத், வேல்ஸின் கவர் தீபகற்பத்தில் லாங்கெனித், வடகிழக்கில் சால்ட்பர்ன், டைன்மவுத் லாங்சாண்ட்ஸ் எல்லாம் புதியவர்களைப் பொறுத்துக்கொள்ளும் இடங்கள். சாண்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குரோய்ட் பெயர்போனது. ஆனால் கடல் வற்றும் நேரத்தில் அங்கே அலை நின்று கனமாக விழும், ஆழமோ இருக்காது. அந்த நேரத்தில் அங்கே போகாதீர்கள். ஸ்காட்லாந்தின் தர்ஸோ ஈஸ்ட், கார்ன்வாலின் போர்த்லெவன் இரண்டும் பாறைமேல் உடையும் அலைகள். கரையில் நின்று பார்க்கலாம்.

அலை இடுப்பளவு, அதாவது இரண்டு மூன்று அடி. காற்று மெல்ல இருக்கட்டும். கரையிலிருந்து வீசும் காற்று அலையைச் சீவி அழகாக்கும், ஆனால் பலமாக அடித்தால் உங்களைக் கடலுக்குள்ளே தள்ளும். கடற்காற்று அலையைக் கலக்கிவிடும். ஏற்றவற்ற அட்டவணையைக் கட்டாயம் பாருங்கள். நம் ஊர்க் கடலில் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே அதிகம். கார்ன்வாலின் வடகரையில் பெரிய ஏற்றவற்றத்தின்போது வித்தியாசம் ஏழு மீட்டர்வரை வரும். காலையில் அகன்ற மணலாகப் பார்த்த இடம் மதியம் பாறையோடு முட்டிக்கொண்டிருக்கும்.

கொடிகளில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பும் மஞ்சளும் குளிக்கிறவர்களுக்கு; அங்கே உங்கள் போர்டுக்கு இடமில்லை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடிகளுக்கு நடுவேதான் நீங்கள். முழுச் சிவப்பு பறந்தால் யாரும் இறங்கக் கூடாது. குளிர்காலத்தில் பெரும்பாலான இடங்களில் கொடியும் இருக்காது, உயிர்காப்பாளரும் இருக்க மாட்டார். அப்போது தனியாகப் போகவே போகாதீர்கள். கரையில் ஒருவர் கையில் ஃபோனோடு நிற்கட்டும். ஆபத்து என்றால் 999 அடித்து 'கோஸ்ட்கார்ட்' என்று கேட்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு முறை 'சர்ஃபிங் இங்கிலாந்து' என்ற விளையாட்டு அமைப்பின் அங்கீகாரம் உள்ள பள்ளியில் வகுப்பு எடுங்கள், உடையும் போர்டும் அதிலேயே வந்துவிடும்.

கார் நிறுத்துமிடத்தில்

போனதும் உடை மாற்றாதீர்கள். ஜாக்கெட்டோடு பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். எங்கே அலை உடைகிறது, எங்கே உடையாமல் கறுத்த பாதை மாதிரித் தண்ணீர் உள்ளே போகிறது என்று கவனியுங்கள். அந்த அமைதியான பாதைதான் ரிப் கரண்ட், இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம். புதியவர்கள் அங்கேதான் சுலபம் என்று நினைத்து இறங்குவார்கள்.

மோதிரம், வளையல், தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குளிரில் விரல் சுருங்கும், மோதிரம் தானாகக் கழன்று போகும். அதைக் கடல் திருப்பித் தராது. நீளமான முடியைக் கழுத்தோடு தாழ்த்திப் பின்னிக்கொள்ளுங்கள், கொண்டை போட்டால் ஹூட் ஏறாது.

காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு உடைக்குள் விட்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். நகத்தால் பிடித்து இழுக்காதீர்கள், நியோப்ரீனில் பிறை மாதிரிக் கீறல் விழும். விரல் நுனிச் சதையால் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கவட்டு சரியாக மேலே வந்து உட்கார்ந்த பிறகே கையை நுழைக்க வேண்டும். அவசரப்பட்டால் தோள் பிடித்துக்கொண்டு, துடுப்பு போடும் ஒவ்வொரு முறையும் உடையோடு மல்லுக்கட்ட நேரிடும். பூட்ஸ் போட்டு, உடையின் கால்முனையை அதன்மேல் இழுத்து விடுங்கள். தலைகீழாகச் செய்தால் பூட்ஸுக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் நிற்கும். அப்புறம் ஹூட். விரல் வேண்டிய வேலையெல்லாம், அதாவது வாக்ஸ் தேய்ப்பது, லீஷ் கட்டுவது, கார் சாவியைப் பூட்டுப்பெட்டியில் வைப்பது, இவை முடிந்த பிறகே க்ளோவ்ஸ். ரிமோட் சாவியை உடைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினால் திரும்பி வரும்போது கார் திறக்காது.

முழு உடையோடு மணலில் போர்டின்மேல் படுத்து, பத்துப் பதினைந்து முறை எழுந்து நின்று பழகுங்கள். வீட்டுக் கம்பளத்தில் வெறுங்காலோடு செய்த பயிற்சி வேறு, 5 மில்லிமீட்டர் ரப்பருக்குள் செய்வது வேறு. கைகளை மார்புக்குப் பக்கத்தில் போர்டின் மேல் தட்டையாக ஊன்றுங்கள்; ஓரத்தைப் பிடிக்க வேண்டாம். முன்னங்கால் வரும்போது பூட்ஸின் நுனி போர்டில் தட்டி நிற்கும், அதனால் முழங்காலை வழக்கத்தைவிட மேலே தூக்கிக் கொண்டுவாருங்கள். இந்தப் பயிற்சியிலேயே உடம்பு சூடாகிவிடும், அது ஒரு கூடுதல் லாபம்.

தண்ணீரில்

15 டிகிரிக்குக் கீழே தண்ணீர் திடீரென்று மேலே பட்டால் உடம்பு தன்னை அறியாமல் மூச்சை இழுக்கும், இதயம் படபடக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆராய்ச்சியாளர் மைக் டிப்டன் பல்லாண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். நல்ல செய்தி, இது ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஆகவே ஓடிப்போய் அலையில் பாயாதீர்கள். இடுப்புவரை நடந்து போங்கள், முகத்தில் தண்ணீரை அள்ளித் தெளியுங்கள், கழுத்து வழியாகக் கொஞ்சம் உள்ளே விடுங்கள். மூச்சு நிதானமானதும் தொடருங்கள். எதிர்பாராமல் விழுந்து திணறினால் ஆர்.என்.எல்.ஐ. சொல்வதைச் செய்யுங்கள்: தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய மல்லாந்து மிதங்கள், மூச்சு அடங்கட்டும்.

முதல் பல வாரங்கள் உடைந்து வரும் வெள்ளை நுரையில்தான். போர்டை உங்களுக்குப் பக்கவாட்டில் பிடித்து நடங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவே ஒருபோதும் அது இருக்கக் கூடாது, நுரை போர்டும் பல்லைப் பெயர்க்கும். கரையைப் பார்த்துத் திருப்பி, படுத்து, போர்டின் முன்நுனி தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் உயரம் இருக்கும்படி உடம்பை நகர்த்துங்கள். அலை வருமுன் நான்கைந்து முறை ஆழமாகத் துடுப்பு போடுங்கள். அலை தள்ளியதும் இன்னும் இரண்டு. அப்புறம் எழுந்து நில்லுங்கள். பலரும் தள்ளல் கிடைத்த உடனே எழுந்து அலையைத் தவறவிடுவது அந்த இரண்டைப் போடாததால்தான். பார்வை கரையில் இருக்கும் ஒரு கட்டிடத்தின்மேல் இருக்கட்டும். பூட்ஸுக்குள் பாதத்துக்கு எதுவும் தெரியாது, அதனால் குனிந்து பார்க்கத் தோன்றும், குனிந்தால் விழுவீர்கள்.

விழுந்தால் தட்டையாக, முதுகுப் பக்கமாக விழுங்கள். கையால் தலையை மூடிக்கொண்டு மேலே வாருங்கள். குளிரில் தலை முங்குகிற ஒவ்வொரு தடவையும் சூடு போகும், நெற்றியில் ஐஸ் வைத்ததுபோல வலிக்கும். அதனால் ஆழத்துக்குப் போகாமல், ஒவ்வொரு அலையையும் முழங்கால் அளவு தண்ணீர்வரை ஓட்டி, அங்கே சும்மா இறங்கி நடந்து திரும்புங்கள். நடப்பது உடம்பைச் சூடாக வைக்கும். அலைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது வேண்டாம்.

ரிப் கரண்ட்டில் மாட்டினால் போர்டை விடாதீர்கள், அதுதான் மிதவை. கரையைப் பார்த்து முட்டி மோதாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துடுப்பு போட்டு வெளியே வாருங்கள். முடியவில்லை என்றால் படுத்தபடி ஒரு கையைத் தூக்கி ஆட்டிச் சத்தம் போடுங்கள்.

நேரத்தைச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் முதல் தடவைகளில் முக்கால் மணி நேரம் போதும். கட்டை விரலால் சுண்டுவிரலின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் வெளியே வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பேச்சு குழறுவது, எளிய விஷயத்துக்கு எரிச்சல் வருவது, கால் தடுக்குவது எல்லாம் அதே சேதிதான். நடுக்கம் நின்று சுகமாக இருப்பதுபோலத் தோன்றினால் அது இன்னும் மோசம். உடனே உதவி கேளுங்கள். 'கடைசியாக ஒரே ஒரு அலை' என்ற பேச்சே வேண்டாம்.

வெளியே வந்த பிறகு

கரையேறிய பின்னும் பத்து முதல் முப்பது நிமிடம் உடம்பின் உள்சூடு குறைந்துகொண்டே போகும். காற்று படாத இடத்தில் நின்று, முதலில் மேல்பாதியைக் கழற்றித் துடைத்து, கம்பளித் தொப்பியும் இரண்டு மூன்று அடுக்குச் சட்டையும் போட்டுக்கொண்டு, அப்புறம் கால்களுக்குப் போங்கள். உறைந்த விரலால் பூட்ஸ் கழலாது. ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன வெதுவெதுப்பான தண்ணீரைப் பூட்ஸுக்குள் ஊற்றுங்கள். இன்னொரு ஃபிளாஸ்க்கில் இனிப்பாக இஞ்சி டீயோ சுக்குக் காபியோ இருக்கட்டும். உடனே கொதிக்கிற ஷவரில் நிற்காதீர்கள், தலை சுற்றும். பிராந்தி குடித்தால் சூடாகும் என்பது கட்டுக்கதை. தோல் சிவந்து உள்சூடு இன்னும் வேகமாக வெளியேறும். நடுக்கம் நிற்கும்வரை காரை எடுக்க வேண்டாம்.

கோடையில் வெறுங்காலோடு போனால் மணலுக்குள் புதைந்திருக்கும் வீவர் மீனின் முள் குத்தும், உயிர் போகிற வலி. தாங்க முடிகிற அளவு சூடான தண்ணீரில் பாதத்தை அரை மணி நேரம் வைத்தால் அடங்கும். மெல்லிய பூட்ஸ் போட்டால் பெரும்பாலும் தப்பலாம்.

காதைக் கவனியுங்கள். குளிர் தண்ணீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் காதுக்குழாயில் எலும்பு வளர்ந்து வழி அடைபடும். பிறகு அறுவைச் சிகிச்சைவரை போகும். சர்ஃபிங்குக்கென்றே விற்கும் காதடைப்பானை முதல் நாளிலிருந்தே போட்டுப் பழகுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடையை உள்ளும் வெளியும் நல்ல தண்ணீரில் அலசி, உட்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, இடுப்பில் மடித்துத் தடித்த கம்பியில் நிழலில் போடுங்கள். தோளில் தொங்கவிட்டால் இழுபட்டு வடிவம் போகும், ஹீட்டர்மேல் போட்டால் ரப்பர் வெடிக்கும். சின்னக் கீறலுக்குக் கடைக்கு ஓட வேண்டாம். நியோப்ரீன் பசை ஒரு குழாய் வாங்கி, இரு விளிம்பிலும் மெல்லப் பூசி, சற்றுக் காயவிட்டு அழுத்தி ஒட்டினால் மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.